முதல் ஜீப்பை மலையில் தேடுங்கள்

புதுப் பெயின்ட் அடித்த பழைய ஜீப்பை முதல் வண்டியாக வாங்காதீர்கள். பெரும்பாறைப் பக்கம் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் விவசாயி நான். தோட்டத்துக்கு ஏற ஜீப்பை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. அதனால் வத்தலக்குண்டுப் பிள்ளைகள் “அண்ணே, ஒரு ஜீப் எடுக்கணும், கூட வந்து பாருங்க” என்று கூப்பிட்டால் மறுக்காமல் போகிறேன். அவர்கள் போனில் காட்டுகிற வண்டிகளெல்லாம் ஒரே ஜாடை: அகல டயர், பளபளக்கும் பச்சை, முன்னால் வின்ச். பாதி வண்டிகள் ஹரியானாவின் மண்டி டப்வாலியில் கட்டியவை என்கிறார்கள். பழைய பாகங்களோடு புதுப் பாடியைச் சேர்த்து ஜீப் கட்டுவது அந்த ஊரின் தொழில்.

கைத்திறனில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் நம்பர், பானட்டுக்குள் வேறொன்று என்றால் எஃப்.சி.க்கு நிறுத்தும் அன்றே சிக்கல் தொடங்கிவிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். முதல் வண்டி வாங்குகிறவனுக்கு இந்தத் தலைவலி எதற்கு?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி ஊர்களில் வாழைத்தாரும் காப்பி மூட்டையும் இறக்கிய ஜீப்புகள் இன்றும் ஷெட்டுகளில் நிற்கின்றன. தார்ப்பாய் கிழிந்திருக்கும், சீட் பிய்ந்திருக்கும். அழகில்லாத அந்த வண்டிகளைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன். யார் ஓட்டினார், என்ன ஏற்றினார், எந்த மெக்கானிக் கை வைத்தார் என்று டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் வண்டிக்கு அப்படி யார் சாட்சி சொல்வார்?

வண்டியைத் தொடுவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். மலை வண்டிகளில் பாதிக்கு ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். அவர் இறந்திருந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. அது முடிந்த பிறகுதான் உங்கள் பெயருக்கு மாற்ற 29ம் 30ம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார், ஜீப்புக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். புதுப்பிக்காமல் விட்டால் மாதம் 500 ரூபாய் கூடுதல். நாலு வருஷம் கிடந்த வண்டி என்றால் அதுவே 24,000. விலை பேசும்போதே இதைக் கழித்துக் கேளுங்கள். போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிய வண்டி மஞ்சள் போர்டாக இருக்கலாம். அதைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றித் தரும் பொறுப்பை விற்கிறவரிடமே விடுங்கள்.

‘விண்டேஜ்’ என்று புரோக்கர் விலையை ஏற்றினால் மசியாதீர்கள். 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்குத்தான் அந்தப் பெயர். அந்தப் பதிவு வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டவும் முடியாது. நம் பக்கம் விலைக்கு வருபவை பெரும்பாலும் 1980, 90களின் மஹிந்திராக்கள். அவற்றில் எம்.எம். 540 வந்ததே 1985ல்தான்.

அடுத்தது சேஸ். இதில் மட்டும் அவசரமே கூடாது. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுங்கள். பின் பட்டை மாட்டும் இடங்களில் பழைய வெல்டிங் இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று பாருங்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் மொத்தென்று அடங்கும். தோட்டத்து ஜீப்பில் யூரியா மூட்டை ஏற்றியிருப்பார்கள். சிந்திய உரமும் ஈரமும் தரைத் தகட்டின் மூலைகளையும் சேஸின் உட்புறத்தையும் அரித்திருக்கும். மேலே ரப்பர் விரிப்பு இருந்தால் தூக்கிப் பார்க்காமல் நகராதீர்கள். சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேஸ் போன வண்டியை எந்தப் பட்டறையும் முழுதாக மீட்டுத் தராது.

ஃபோர் வீல் லிவர் இருப்பதாலேயே ஃபோர் வீல் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். ராடு தேய்கிறதென்று முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்த வண்டிகள் உண்டு. மஞ்சளாற்று மணல் போன்ற இளகிய தரையில் லோ கியர் போட்டு, முன் சக்கரம் இழுக்கிறதா என்று ஒருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தார் ரோட்டில் இந்தச் சோதனை கூடாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்வதால் திருப்பத்தில் கியர்களுக்கு அடி விழும்.

எல்லோரும் முதலில் பயப்படுவது எஞ்சினுக்கு. எனக்கு அது கடைசிக் கவலை. இன்டர்நேஷனல் டிராக்டர் வழியில் வந்த டீசல் எஞ்சினும், பின்னால் வந்த டி.ஐ.யும் திண்டுக்கல், மதுரைப் பட்டறைகளில் பிரித்துப் பழகியவை. பியூஜோ எஞ்சின் சத்தம் குறைவு, ஓட்ட சுகம். சூடேற விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதுவானாலும் காசு செலவழித்தால் சரியாகிவிடும்.

வாங்கிய பின் காட்டுக்குள் விடாதீர்கள். இந்த மலையின் பெரும் பரப்பு 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். யானையும் காட்டுமாடும் நடக்கிற இடம். தெரிந்தவர் தோட்டத்தில், அவர் அனுமதியோடு ஓட்டிப் பழகுங்கள்.

மலையில் ஜீப் வைத்திருக்கும் குடும்பங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஷெட்டில் நிற்கிற வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வாரிசு பெயருக்கு மாற்றி வையுங்கள். அந்த ஒரு காகிதம் இருந்தால் கீழே வத்தலக்குண்டில் அதை வாங்கி ஓட்டப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.