கணக்குக் கேட்கப்படாத தலைவர்கள்

சேலத்தைச் சேர்ந்த யூடியூபர் 'பப்ஜி' மதன், விளையாட்டு நேரலைகளில் பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் 2021 ஜூன் 18 அன்று தருமபுரியில் கைது செய்யப்பட்டார். உதவி செய்வதாகக் கூறி ரசிகர்களிடம் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நமது கேள்வி வேறு: அவரை இலட்சக்கணக்கானோருக்குத் தலைவராக்கியது யார்?

ரசிகர் குழுக்களில் அட்மின் வைத்ததே சட்டம். யாரைச் சேர்ப்பது, யாரை வசைபாடி விரட்டுவது என்பதெல்லாம் அவரது விருப்பம். எதிர்த்துக் கேட்டவன் அடுத்த நொடியே வெளியே.

நம் மஹல்லாவின் முத்தவல்லி கணக்குக் காட்டத் தவறினால், ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்திலேயே மறித்துக் கேட்கிறோம். (கேட்கத்தான் வேண்டும், வக்ஃப் வாரியமும் அவரிடம் ஆண்டுக் கணக்குக் கேட்கிறது.) திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்திற்கே 'ஷூரா', அதாவது கலந்தாலோசனை என்று பெயர். சேலத்திலும் நாமக்கல்லிலும் இந்த மரபில் வளரும் நம் பிள்ளை, முகமறியாத ஒருவருக்குப் பணம் அனுப்புவதும், அவர் ஏவியதும் இன்னொரு வீட்டுப் பெண்ணைத் திட்டுவதும் எப்படி வெறும் விளையாட்டாகும்?

செல்பேசியைப் பறித்தால் போதும் என்கிறார்கள் பெற்றோர் சிலர். குழுவின் விதியை எழுதியவர் யார், வசூலான பணம் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது 2020 செப்டம்பர் 2இல். அந்தத் தடை அமலில் இருந்தபோதுதான் மதனின் நேரலைகளும் நடந்தன.