மடியில் கனமில்லாமல்

நாமக்கல் முட்டை 2023-ம் வருஷத்திலேயே கடல் கடந்து மலேசியாவுக்குப் போய்விட்டது. நம் வாலிபர்கள் போகலாகாதா? சேலத்தில் பஸ் ஏறித் திருச்சியை அடைந்தால், அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரே ஆகாய விமானம் உண்டு. நாலு சிநேகிதர்களுக்கு விடுதியில் ஓர் அறை போதும். பசித்தால் மாமாக் கடையில் ரொட்டி சானாய் இருக்கிறது. ரெயிலில் பத்துமலை சென்று 272 படிகள் ஏறினால், குகைக்குள் முருகன் சந்நிதிக்குக் கட்டணமில்லை. முழங்கால் வலி மட்டுமே செலவு!

ஆனால், பொதுப் பணத்துக்குத் தொகையை நிர்ணயிப்பது யார்? வசதியுள்ள பிள்ளை, "பரவாயில்லை, நான் போட்டுக்கொள்கிறேன்" என்கிறான். அதைத் தாராளமென்று நான் சொல்லமாட்டேன். ஊர் திரும்பும் வரையில் மற்றவன் வாய் திறக்க முடியாது. யாருடைய பை இலேசோ, அவன் சொல்வதே கணக்காகட்டும். புறப்படுமுன் அவனைத் தனியே அழைத்துக் கேளுங்கள். விமான நிலையத்தில் கேட்டால் உண்மை வராது.