நள்ளிரவு வானொலி தந்த பாடம்

"ரேடியோவ நிப்பாட்டிட்டுத் தூங்குங்க மகள்" என்று உம்மா சொன்ன இரவில்தான் அந்த விசித்திர ஓசையைக் கேட்டேன். வானொலிதான் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, அது 1969 இல் வெளியான 'அன் இலெக்ட்ரிக் ஸ்டோர்ம்' என்ற இசைத்தட்டு. ஒலிநாடாவை வெட்டி ஒட்டி அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் டெலியா டார்பிஷயர். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் கற்றவர். 1959 இல் ஓர் இசைத்தட்டு நிறுவனம், ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களுக்கு வேலை இல்லையென்று அவரைத் திருப்பி அனுப்பியது. அவரோ பீ.பீ.சி.யில் சேர்ந்து சாதித்தார்.

இணைந்த கணிதம் படிக்கும் என்னிடம் எல்லோரும் கேட்பது, "இன்ஜினியரா, டீச்சரா?" என்று மட்டுமே. கணிதம் ஓசையாகவும் மாறும் என்பதை வானொலிதான் எனக்குச் சொன்னது.

பெற்றோரே, வினாத்தாளில் வராத ஆர்வங்களை நேர விரயம் என்று அணைத்துவிடாதீர்கள். என் உம்மா இப்போது சத்தத்தை மட்டுமே குறைக்கச் சொல்கிறார்.