‘இன்னும் இஞ்சதான் நிக்கிறியோ?’

கலியாண வீடு, செத்த வீடு, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும், இருபது வயது தாண்டிய எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். படிப்பு என்ன மாதிரி, வேலை என்ன மாதிரி என்பதெல்லாம் இதற்குப் பிறகு. “இன்னும் இஞ்சதான் நிக்கிறியோ? வெளியில போற அலுவல் ஒண்டும் பார்க்கேல்லையோ?” கேட்பவர் கெட்டவர் இல்லை. எங்களுடைய மாமாவோ சித்தியோதான். ஆனால் அந்த ‘இன்னும்’ என்ற சொல் இருக்கிறதே, அது எங்களைப் பரீட்சைக்குப் போகாமலேயே பெயிலாக்கிவிடுகிறது.

அதே மாமா அடுத்த கிழமை ஒரு புத்தக வெளியீட்டிலோ பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலோ மைக்கைப் பிடித்துக்கொண்டு, “எங்கட பெடியளுக்கு மண்பற்று இல்லாமல் போட்டுது, எல்லாரும் ஓடுறதிலயே நிக்கிறாங்கள்” என்று கவலைப்படுவார். மூத்த மகன் ஸ்காபரோவில். இளைய மகள் லண்டனில். மருமகனுக்குப் பரிசில் இப்போதுதான் விசா கிடைத்திருக்கிறது. மண்பற்று என்பது மற்றவன் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கவேண்டிய சாமான்.

இந்த இரண்டு வாய்க்கும் எதிராகத்தான் இதை எழுதுகிறோம். எழுதத் தொடங்கிய பிறகு எங்களுக்கு எதிராகவும் எழுதவேண்டி வந்தது. அதையும் மறைக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். போவது பிழையில்லை. 1983க்குப் பிறகு போனவர்கள் உயிரைக் காப்பாற்றப் போனார்கள். 2010இல் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் பசிபிக் கடலைத் தாண்டிக் கனடாவில் போய் இறங்கினார்கள். உல்லாசப் பயணத்துக்கு எவரும் அந்த மாதிரிக் கப்பலில் ஏறுவதில்லை. 2022இல் நாடு வங்குரோத்தானபோது, பத்தரமுல்லையில் பாஸ்போட்டுக்காக விடிய விடிய நின்ற வரிசையில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகத்தான் நின்றார்கள். ‘எல்லோரும் ஓர் தாய் மக்கள்’ என்பதை அந்த வரிசையில்தான் கண்ணால் கண்டோம். அந்த வருடம் நவம்பரில், கனடாவுக்கு என்று ஏற்றப்பட்ட 303 பேருடன் ஒரு கப்பல் தென்கிழக்காசியக் கடலில் தத்தளித்தது. அவர்களை ஜப்பானியக் கப்பல் ஒன்று மீட்டு வியட்நாமில் இறக்கியது. திருப்பி அனுப்பவேண்டாம் என்று அங்கே தன் உயிரையே மாய்த்துக்கொண்ட ஒருவர் எங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். செத்தாலும் ஊருக்குத் திரும்பமாட்டேன் என்று ஒரு மனிதன் முடிவெடுத்திருக்கிறான் என்றால், அவனுக்கு மண்பற்றைப் பற்றிப் பாடம் எடுக்க எவருக்கு உரிமை இருக்கிறது? அந்த ஊர் அவனுக்கு என்ன செய்தது என்றல்லவா கேட்கவேண்டும்?

அந்தக் கேள்வியை நாங்கள் எங்களிடமே கேட்டுப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வாசிகசாலை விறாந்தையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆளுக்கொரு கொப்பித் தாள். பெயர் போடத் தேவையில்லை. ‘நான் ஏன் இந்த ஊரை விட்டுப் போக விரும்புகிறேன்?’ அவ்வளவுதான் கேள்வி. தாள்களைக் குலைத்துக் கலந்து ஒருவர் வாசித்தார்.

முதல் ஏழெட்டுக் காரணங்கள் எதிர்பார்த்தவைதான். வேலை இல்லை. வேலை இருந்தாலும் சம்பளம் மோட்டார் சைக்கிள் தவணைக்கும் பெற்றோலுக்கும் சரி. பட்டம் எடுத்த அக்கா கச்சேரி வாசலில் பந்தல் போட்டு இருந்ததைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் பட்டத்தில் நம்பிக்கை வரவில்லை. 1990இல் விட்டுவிட்டு வந்த வலிகாமம் வடக்குக் காணி இன்னும் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. இழுவைமடித் தொழிலை 2017இலேயே சட்டம் போட்டுத் தடைசெய்தும், இந்தியப் படகுகள் வந்து போன பிறகு அப்பாவின் வலை கிழிந்துதான் கரைக்கு வருகிறது. இவை எல்லாம் உண்மை. இவற்றுக்கு அரசு பதில் சொல்லவேண்டும். எந்த மேடையிலும் இவற்றைச் சத்தமாகச் சொல்லலாம், கைதட்டும் கிடைக்கும்.

பிறகு வந்த தாள்கள்தான் எங்களை வாயடைக்க வைத்தன.

“ரியூசன் முடிஞ்சு ஒரு பெடியனோட கதைச்சுக்கொண்டு நிண்டால், நான் வீட்ட போய்ச் சேர முதல் செய்தி வீட்ட போயிடும்.” “நான் எந்தப் பகுதி எண்டு தெரிஞ்ச பிறகு சிநேகிதன்ர அம்மா தேத்தண்ணி தந்த கோப்பை வேற.” “கலியாணம் கட்டாமல் வீட்டை விட்டு வெளிக்கிட இந்த ஊரில எனக்கு இருக்கிற ஒரே வழி விமானம்தான்.” “சீதனம் குடுக்க வீட்டை எழுதவேணும், அம்மா அப்பா எங்க போவினம்?” “இஞ்ச நான் ஆர் எண்டு எனக்கு முதலே எல்லாருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் தெரியாத ஒரு தெருவில ஒருநாள் நடக்கவேணும்.”

எண்ணிப் பார்த்தோம். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. அதாவது, எங்களைத் துரத்துவதில் பாதி வேலையை அரசாங்கம் செய்கிறது. மற்றப் பாதியை எங்கள் ஊர், எங்கள் சாதி, எங்கள் வீடு, பக்கத்து வீட்டு யன்னல் செய்கின்றன. முதல் பாதியைப் பற்றி எழுபது வருடமாகப் பேசுகிறோம். இரண்டாவது பாதியைப் பேசினால் “இப்ப இதுகளைக் கதைக்கிற நேரமோ?” என்கிறார்கள். போர்க்காலத்தில் நேரமில்லை என்றார்கள். போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் நேரம் வரவில்லை. இனிமேல் நேரம் வரும்போது கேட்பதற்கு இங்கே ஆள் இருக்காது.

இரண்டாவது பாதிக்கு விசா தேவையில்லை என்பதையும் சொல்லவேண்டும். அது எங்களுடைய பெட்டிக்குள்ளேயே ஏறி வந்துவிடும். ரொறன்ரோவில் கலியாணம் பேசும்போது “ஊரில எவடம்?” என்று கேட்பது ஊர்ப்பாசத்தில் மட்டும் இல்லை என்பது போனவர்களுக்குத் தெரியும். லாச்சப்பலில் ஒரு பெண்பிள்ளை ஒருவரோடு தேநீர் குடித்தால் அந்தச் செய்தி வைபரில் அன்றைக்கே ஊருக்கு வந்து சேருகிறது. ஊரின் கண்ணிலிருந்து தப்பி ஓடியவள், அதே கண்ணை இன்னும் நல்ல இணைய இணைப்போடு அங்கே சந்திக்கிறாள். இங்கே நாங்கள் உடைக்காததை அங்கே போய் உடைக்க, இரண்டு வேலைக்கும் இரவுச் சிப்ட்டுக்கும் இடையில் நேரம் கிடைக்குமா?

இனி, எல்லோரும் போகிறார்கள் என்ற பேச்சு. அதுவும் பொய். போவதற்குக் காசு வேண்டும். ஏஜென்சிக்காரன் கேட்கிற காசைப் புரட்ட இரண்டு பரப்புக் காணியாவது விற்க இருக்கவேண்டும், அல்லது வெளியில் ஒரு சகோதரம் இருக்கவேண்டும். பரம்பரை பரம்பரையாகக் காணி வைத்திருக்க விடப்படாத சமூகத்தில் பிறந்தவனுக்கு விற்க என்ன இருக்கிறது? 2023இல் கனடா வருகை விசாவின் விதிகளைக் கொஞ்சக் காலம் தளர்த்தியபோது யார் யார் போனார்கள் என்று அவரவர் ஊரில் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு கால் அங்கே வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். காணி இல்லாதவன் கடன் வாங்கி, பாதை தெரியாத தரகனிடம் கொடுத்து, நடுவழியில் நிற்கிறான். ஐரோப்பாவுக்கு என்று சொல்லிக் கூட்டிப்போன எங்கள் பெடியள் சிலர் ரஷ்ய இராணுவத்துக்குள் தள்ளப்பட்டார்கள் என்று 2024இல் அவர்களின் வீட்டார் அழுதுகொண்டு முறையிட்டது மறந்துபோயிற்றா?

அதே நேரம் ஊருக்குள் ஒழுங்கைக்கு ஒழுங்கை பூட்டிய வீடுகள். மாபிள் பதித்து, மதில் கட்டி, கமரா பூட்டி, ஆடி மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை திறப்பதற்காக. வந்து நின்றுகொண்டு, “இஞ்ச என்ன குறை உங்களுக்கு? சொர்க்கம்! நாங்கள் அங்க குளிரில சாகிறம்” என்று சொல்லிவிட்டு ரிக்கற் திகதிக்கு முதல்நாள் பூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் அனுப்பிய காசில்தான் எங்களில் பலர் படித்தோம், அதற்கு நன்றி இருக்கிறது. ஆனால் பூட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் ஓலைக்கொட்டிலில் காணியில்லாமல் ஒரு குடும்பம் இருக்கும்போது, அந்தக் காணியை அவர்களுக்கு நியாய விலைக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் ‘மூதாதையர் மண்’ வந்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தத் தீவில் போக விரும்பாதவர்களைத்தான் அதிகம் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று பங்கு பிரித்தபோது, எவரும் அவர்களிடம் “போக விருப்பமோ?” என்று கேட்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். 70,000க்கும் மேற்பட்டவர்கள் உடுத்த உடுப்போடு போனார்கள். அவர்களில் திரும்பிவர விரும்பியவர்களை நாங்கள் எப்படி வரவேற்றோம்? ‘இருக்கவேண்டும்’ என்று கேட்டவர்களுக்கு இடம் கொடுக்காத ஊர், ‘போகவேண்டும்’ என்று நிற்பவர்களைப் பார்த்து ஒப்பாரி வைப்பது என்ன நியாயம்?

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறோம். எங்கள் பிழை, போக நினைத்தது இல்லை. போகப்போகிறோம்தானே என்று நினைத்துக்கொண்டு, இருக்கிற ஊரை பஸ் ஸ்ராண்ட் மாதிரிப் பாவிப்பது. பஸ்ஸுக்கு நிற்பவன் ஸ்ராண்டின் கூரை ஒழுகினால் கொஞ்சம் தள்ளி நிற்பான், முறைப்பாடு கொடுக்கமாட்டான். வீதி விளக்கு எரியவில்லையா? “விடு மச்சான், நான் செப்ரெம்பருக்குப் பிறகு இஞ்ச இல்லை.” அந்தச் செப்ரெம்பர் வந்து போய் நான்கு வருடம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். மூன்றாம் தரம் எடுத்தாயிற்று. விளக்கு இன்னும் எரியவில்லை.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தேர்தலே இல்லாமல் ஆளுநரை வைத்து மாகாணத்தை ஓட்டினார்கள். எங்கள் வயதில் எத்தனை பேர் அதற்காக ஒரு நாள் தெருவில் நின்றோம்? யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம். 2015இல் 7. 2024இல் 6. பதிவான வாக்காளரை வைத்துத்தான் ஆசனம் பிரிக்கிறார்கள். ஆக, நாங்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டும்போது எங்களுக்காகக் கதைக்கவேண்டிய கதிரைகளும் ஒவ்வொன்றாகப் பாராளுமன்றத்திலிருந்து தூக்கப்படுகின்றன. கோபக்கார இளைஞன் தானாகவே பிளேன் ஏறிப் போய்விட்டால் அதைவிட ஒரு அரசாங்கத்துக்கு என்ன நிம்மதி? காணிக்காரருக்கும் சாதிமான்களுக்கும் சீதனம் கேட்கிற வீட்டாருக்கும் அதே நிம்மதிதான். கேள்வி கேட்கிறவன் போய்விட்டான், அனுப்புகிற காசு மட்டும் மாதம் மாதம் வருகிறது.

போக விரும்புவது உண்மையில் ஒரு முறைப்பாடு. அதை நாங்கள் முறைப்பாடாக எழுதாமல் விசா விண்ணப்பமாக மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம். விண்ணப்பம் தூதரகத்துக்குப் போகட்டும், எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் அந்தக் காரணங்களின் ஒரு பிரதி பிரதேச சபைக்கும், கோயில் நிர்வாகத்துக்கும், வீட்டில் அம்மா அப்பாவின் கைக்கும் போகவேண்டும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. போகிறவன் போகும் நாள்வரைக்கும் இந்த ஊர்க்காரனாக இருக்கட்டும். இருக்கிறவளைத் தோற்றவளாகப் பார்க்காதீர்கள். ‘வெளியில’ என்ற சொல்லைக் கலியாணத்தின் தகுதியாகப் போடாதீர்கள். உங்கள் வீட்டில் வேறு கோப்பை இருந்தால் இன்றைக்கே உடையுங்கள், அதற்கு எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.

எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கு விசா வந்துவிட்டது. அடுத்த மாதம் பயணம். போன கிழமை அவள்தான் ரியூசன் ஒழுங்கைக்கு விளக்குப் போடச் சொல்லிக் கடிதம் எழுதி, நாற்பத்தொரு கையெழுத்து வாங்கி, பிரதேச சபையில் கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்ததற்குச் சீல் குத்திய பிரதியும் வாங்கிக்கொண்டு வந்தாள். “நீதான் போறியே, உனக்கேன் இந்தக் கரைச்சல்?” என்று அங்கே இருந்தவர் கேட்டாராம். “போறதுக்கு இன்னும் இருபத்தாறு நாள் கிடக்கு ஐயா” என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த இருபத்தாறு நாளைப் பற்றித்தான் நாங்கள் பேசுகிறோம். இனி யாராவது “இன்னும் இஞ்சதான் நிக்கிறியோ?” என்று கேட்டால் எங்களிடம் பதில் இருக்கிறது. ஓம், இஞ்சதான் நிக்கிறம். நீங்கள் சொல்லுங்கோ, அந்த ஒழுங்கை விளக்கு எப்ப எரியும்?