எடுத்துச் செல்லாத புதையல்

மலைச்சரிவில், ஒரு பாறையின் அடியில் சிறிய பெட்டி ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனுள் பொன்னும் இல்லை, பணமும் இல்லை. ஒரு ரப்பர் முத்திரையும் சிறிய பதிவேடும் மட்டுமே உள்ளன. இதற்காக மணிக்கணக்கில் மலையேறுவது வீண்வேலை என்று சிலர் எண்ணலாம். எனினும், பழைய சுரங்க ஊர்களை அறிந்துகொள்வதற்கு இது மிகப் பொருத்தமான விளையாட்டு எனலாம்.

'அஞ்சல் பெட்டி தேடல்' எனப்படும் இவ்விளையாட்டு இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் தோன்றியது. 1854ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் சென்றடைய முடியாத கிரான்மியர் குளத்தருகே ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அங்கு வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டைகளை அதில் இட்டுச் சென்றனர். பின்னர், முகவரி எழுதிய அஞ்சலட்டைகளை விட்டுச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பார். அதனால்தான் இப்பெயர் நிலைத்தது. 1998இல் 'ஸ்மித்சோனியன்' இதழில் வெளிவந்த கட்டுரைக்குப் பிறகு, இவ்விளையாட்டு அமெரிக்காவிலும் பரவியது.

தேடுபவர் எழுத்து வடிவிலான துப்புகளைப் படித்து, திசைகாட்டியின் உதவியுடன் நடக்கிறார். பெட்டியைக் கண்டதும், அதிலுள்ள முத்திரையைத் தம் குறிப்பேட்டிலும் தமது முத்திரையைப் பெட்டியின் பதிவேட்டிலும் பதிக்கிறார். பிறகு, பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்து வைத்துவிட்டுத் திரும்புகிறார்.

இப்பழக்கத்தின் அருமையைச் சுரங்க ஊர்களின் வரலாறு உணர்த்துகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், 2,800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் சில்வர்டன் என்னும் சிற்றூர் உள்ளது. வெள்ளியையும் தங்கத்தையும் நாடி மக்கள் அங்குக் குவிந்தனர். 1882இல் தாதுப்பொருள்களை ஏற்றிச் செல்ல இரயில் பாதையும் வந்து சேர்ந்தது. அங்கிருந்த கடைசிப் பெரிய சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. சுரங்கங்கள் மூடப்பட்டாலும் அவற்றின் பாதிப்பு ஓயவில்லை. 2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அருகிலுள்ள 'கோல்ட் கிங்' என்ற கைவிடப்பட்ட சுரங்கத்திலிருந்து 1 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட மாசு நீர் பீறிட்டு வெளியேறியது. அனிமஸ் ஆறு மஞ்சள் நிறமாக மாறியது. மலையிலிருந்து எடுத்த செல்வம் எங்கெங்கோ சென்றது. எடுத்ததால் ஏற்பட்ட காயமோ மலையிலேயே தங்கிவிட்டது.

இத்தகைய ஊருக்கு வருபவர், எதையும் எடுக்காமலேயே மகிழ்ச்சியோடு திரும்பப் பழகுவது சிறந்ததன்றோ? நல்ல துப்பு அதற்குத் துணைபுரியும். பழைய தண்டவாளம், இடிந்த ஆலைச்சுவர், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றை உற்றுநோக்கினால்தான் வழி புலப்படும் என்று துப்பு அமைந்தால், தேடுபவர் அவ்வூரின் வரலாற்றையும் படித்துவிடுகிறார்.

இதற்கு மறுப்பும் உண்டு. மலையில் பெட்டியை வைப்பதும் ஒருவகைக் குப்பைதானே என்று சிலர் கேட்கின்றனர். கைவிடப்பட்ட சுரங்கங்கள் ஆபத்தானவை என்றும் எச்சரிக்கின்றனர். இவ்விரு கருத்துகளும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. பாழடைந்த சுரங்கத்தினுள் நச்சுக்காற்று தேங்கியிருக்கலாம். மேற்கூரை சரிந்து விழலாம். ஆகவே, பெட்டி வைப்பவர் நில உரிமையாளரின் இசைவைப் பெறவேண்டும். சுரங்க வாயில்களிலிருந்து விலகிய, பாதுகாப்பான பாதையையே தேர்ந்தெடுக்கவேண்டும். மண்ணைத் தோண்டவோ பழைய சுவர்க் கற்களை அசைக்கவோ கூடாது. பெட்டி சேதமடைந்தால், அதை அப்புறப்படுத்துவதும் அவரது கடமையே. இப்பொறுப்பை ஏற்க இயலாதவர் பெட்டி வைக்காமல் இருப்பதே நன்று.

இவ்விதிகளைப் பின்பற்றினால், அஞ்சல் பெட்டி தேடல் வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடாது. தாம் கண்டதை அடுத்தவரும் காணவேண்டும் என்ற எண்ணத்தை அது இளையோரிடம் வளர்க்கும். ஒரு காலத்தில் எடுப்பதற்காகவே மனிதர்கள் ஏறிய மலையில், இன்று ஒருவர் தாம் கண்டெடுத்ததை மீண்டும் அதே இடத்தில் வைத்துவிட்டு இறங்குகிறார். அம்மலைக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை அதுவே.