எடைக் குறைப்பு ஊசி: கிலோ கணக்கு மட்டும் போதாது



எடை குறைக்கும் ஊசிகளில் எது சிறந்தது என்பதைக் கிலோ கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியல்ல. டிர்செபடைட், செமாகுளுடைட் என்ற இரண்டு ஊசி மருந்துகளை நேரடியாக ஒப்பிட்டு 2025-இல் வெளியான ஆய்வில், 72 வாரங்களில் டிர்செபடைட் சராசரியாக 20.2 சதவீதமும் செமாகுளுடைட் 13.7 சதவீதமும் எடையைக் குறைத்தன. ஆனால், நீரிழிவு இல்லாத, ஏற்கெனவே இதய நோயுள்ள, எடை கூடியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றின் அபாயத்தை 20 சதவீதம் குறைப்பதாக 2023-இலேயே நிரூபித்தது செமாகுளுடைட். தூக்கத்தில் மூச்சு தடைபடும் பருமனானவர்களுக்கோ, 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து டிர்செபடைட். ஆக, நோயாளியைப் பொறுத்தே விடை மாறும்.

"அதிகம் குறைப்பதையே போட்டுக்கொண்டு, எடை இறங்கியதும் நிறுத்திவிடலாமே" என்று சிலர் கேட்கலாம். செமாகுளுடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே, பல ஆண்டுகள் தொடர்ந்து வாங்க முடிகிற விலையும் தேர்வின் ஒரு பகுதிதான். பக்கவிளைவையும் கவனிக்க வேண்டும்: குமட்டலையும் வாந்தியையும் மட்டுப்படுத்தவே செமாகுளுடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர்கள் கண்காணித்தபடி படிப்படியாக உயர்த்துகிறார்கள். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடுபவருக்கு இந்தக் கண்காணிப்பு கிடைக்காது. மருத்துவரிடம் இதயம், தைராய்டு, கர்ப்பத் திட்டம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அதன் பிறகே ஊசியைத் தேர்ந்தெடுங்கள்.