ஏட்டில் இருக்கும் மனை

ஆந்திர ராஜ்யத்தின் தலைநகருக்காக 2015-ம் வருஷத்தில் நிலம் கொடுத்த குடியானவர்களின் வழக்கு நமக்கு அயலார் வழக்கு அன்று. கிருஷ்ணா நதியின் தென்கரையில் குண்டூர் ஜில்லாவைச் சேர்ந்த அந்தக் கிராமங்கள் 1953 வரையில் நம்மோடு ஒரே சென்னை ராஜ்யத்தில் இருந்தவை என்ற உறவு ஒருபுறம் இருக்கட்டும். அங்கே கையாளப்பட்ட நிலத் தொகுப்பு முறை இப்பொழுது தமிழ்நாட்டின் நகரமைப்புச் சட்டத்திலும் இடம் பெற்றுவிட்டது. நாளை நம் கிராமங்களுக்கும் ஓர் உத்தியோகஸ்தர் வந்து, "நிலத்தைக் கொடுங்கள், மனையாகத் திருப்பித் தருகிறோம்" என்று சொல்லக்கூடும். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதை அமராவதியைப் பார்த்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முறை இன்னதென்று முதலில் சொல்லிவிடுவோம். சர்க்கார் நிலத்தைக் கட்டாயமாக எடுத்தால், 2013-ம் வருஷத்துச் சட்டப்படி மார்க்கெட் விலையைக் கணக்கிட்டு, கிராமப்புறமானால் அதைப் பெருக்கி, அதற்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்து ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். தொகுப்பு முறையில் ரொக்கம் இல்லை. குடியானவர் தம் நிலத்தை ஒப்படைத்துவிடுகிறார். சர்க்கார் அதில் சாலையும் சாக்கடையும் குழாயும் விளக்கும் அமைத்து, ஒரு பங்கை மனையாக அவருக்கே திருப்பித் தருகிறது. கொள்கையளவில் இதில் குறை சொல்ல இடமில்லை. 1915-ம் வருஷத்துப் பம்பாய் நகரமைப்புச் சட்டம் இதன் ஆதி வடிவம். குஜராத்தில் 1976-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் இன்றும் ஆமதாபாத் நகரம் இவ்வழியாகவே விரிவடைந்து வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். குஜராத் முறையில் பொதுக் காரியங்களுக்கென்று ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு கழிக்கப்படுகிறது. மிகுதி நிலம் பெரும்பாலும் பழைய இடத்தையொட்டியே ஒழுங்கான மனையாக அதே சொந்தக்காரருக்குக் கிடைக்கிறது. அமராவதியில் நடந்ததோ வேறு.

அங்கே ஓர் ஏக்கர் புன்செய் கொடுத்தவருக்கு 1,000 சதுர கெஜம் குடியிருப்பு மனையும் 250 சதுர கெஜம் வியாபார மனையும் வாக்களிக்கப்பட்டன. ஜரீபு எனப்படும் ஆற்றோரத்து வளமான நிலத்துக்கு வியாபார மனை 450 கெஜம். ஓர் ஏக்கர் என்பது 4,840 சதுர கெஜம். ஆகவே நாலில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் பத்தில் மூன்று பங்கு. இதைத் தவிர, பத்து வருஷங்களுக்குப் புன்செய்க்கு ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 30,000 ரூபாயும், ஜரீபுக்கு 50,000 ரூபாயும் குத்தகைத் தொகையாக, வருஷந்தோறும் சிறிது ஏற்றத்துடன் கொடுப்பதாகப் பேச்சு. இந்தக் கணக்கை நம்பி 28,000-க்கு மேற்பட்ட குடியானவர்கள் 33,000 ஏக்கருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் ஓரிரண்டு ஏக்கர் உடையவர்கள். எழுதிக் கொடுத்த பத்திரத்தில், தாம் கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது என்ற ஷரத்தும் இருந்தது.

நாலில் ஒரு பங்கு நிலம் முழு நிலத்தையும் விட அதிக மதிப்புப் பெறும் என்பது பொய்க் கணக்கு அல்ல. நகரம் எழுந்தால் அப்படித்தான் ஆகும். ஆனால் "எழுந்தால்" என்ற ஒரு சொல்லில்தான் குடியானவரின் வாழ்வு முழுவதும் தொங்கியது. ரொக்கம் வாங்கியவருக்கு நகரம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? நிலம் கொடுத்தவரோ சர்க்காருடைய வியாபாரத்தில் கூட்டாளியாகிவிட்டார். லாப நஷ்டம் இரண்டிலும் அவருக்குப் பங்குண்டு. நிர்வாகத்தில் மட்டும் வாக்கில்லை. இத்தகைய கூட்டை எந்த ஊர்ச் செட்டியாராவது ஒப்புக்கொள்வாரா என்று நாம் கேட்கிறோம்.

நடந்த கதை எல்லோரும் அறிந்தது. சுருங்கச் சொன்னால் போதும். 2015 அக்டோபர் 22-ல் பிரதம மந்திரி உத்தண்டராயுனிபாலத்தில் அஸ்திவாரக் கல் நாட்டினார். 2016-ல் மனைகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்கினார்கள். 2019-ல் மந்திரிசபை மாறியது. அவ்வருஷ டிசம்பரில் புதிய முதல் மந்திரி ஸ்ரீ ஜெகன் மோகன் ரெட்டி, ராஜ்யத்துக்கு ஒன்றல்ல, மூன்று தலைநகர்கள் வரலாம் என்று சட்டசபையில் அறிவித்தார். 2020-ல் அதற்கான சட்டங்களும் இயற்றப்பட்டன. அன்று முதல் அமராவதியில் மனை விலை சரிந்தது. அரைகுறைக் கட்டிடங்களைச் சுற்றி முட்செடி வளர்ந்தது. நிலம் கொடுத்த குடும்பங்களின் பெண்கள் சாலையோரப் பந்தல்களில் நாலு வருஷங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பரில் துள்ளூரிலிருந்து திருப்பதி வரையில் கால்நடையாகவே யாத்திரை போனார்கள். நீதிஸ்தலத்தில் நியாயம் கேட்டவர்கள் தேவஸ்தானத்தின் வாசலுக்கும் போய் முறையிட நேர்ந்தது.

மூன்று தலைநகர் யோசனை சரியா தவறா என்பது பற்றி நாம் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. ராயலசீமைக்கும் வடகடற்கரைக்கும் மனக்குறை உண்டு என்பதை நாம் அறிவோம். ஒரு மந்திரிசபை தன் கொள்கையை மாற்றிக்கொள்ள உரிமை உடையது. ஆனால் குடியானவர் ஒப்பந்தம் செய்துகொண்டது ஸ்ரீ சந்திரபாபு நாயுடுவுடன் அல்ல, அவருடைய கட்சியுடனும் அல்ல, ஆந்திர சர்க்காருடன். சர்க்கார் என்பது தேர்தலுக்குத் தேர்தல் செத்துப் பிறக்கும் வஸ்து அன்று. நோட்டில் கையெழுத்திட்ட தகப்பனார் போய்விட்டார் என்று சொல்லும் பிள்ளை கூட, சொத்தை அனுபவிக்கிற வரையில் கடனுக்குப் பொறுப்பாகிறான். நிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாக்கை உதறுவது எந்தச் சட்டத்தில் சேர்ந்தது?

ஆந்திர ஹைகோர்ட்டு 2022 மார்ச் 3-ல் கூறிய தீர்ப்பும் இதையே சொல்லிற்று. மூன்று மாதங்களில் மனைகளைச் சகல வசதிகளோடும் ஒப்படைக்கும்படியும், ஆறு மாதங்களில் நகர வேலையை நிறைவேற்றும்படியும் உத்தரவாயிற்று. அந்தக் காலக்கெடுக்களை அவ்வருஷ நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. ஒரு நகரத்தை ஆறு மாதத்தில் கட்டிவிட முடியாது என்பது உண்மையே. அதற்காக நாம் குறைகூறவில்லை. ஆயினும், காலக்கெடு போனதும் குடியானவருக்குக் கையில் மிஞ்சியது என்ன? உரிமை உண்டு, நாள் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டு மனையை அடகு வைத்து மகளின் கல்யாணத்தையும் நடத்த முடியாது.

2024 ஜூனில் ஸ்ரீ நாயுடு மீண்டும் பதவிக்கு வந்தார். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் கொடுக்க முன்வந்தன. 2025 மே 2-ல் பிரதம மந்திரி வேலைகளை மறுபடியும் தொடங்கி வைத்தார். ஒரே நகரத்துக்கு இரண்டு தொடக்க விழாக்கள்! நிலம் கொடுத்துப் பத்து வருஷங்கள் கடந்த பின்பும் மனைகளுக்குச் சாலையும் சாக்கடையும் முழுமையாகாத நிலையில்தான் இந்த இரண்டாம் விழா நடந்தது. சில்லறைத் தகராறுகளும் தீர்ந்தபாடில்லை. ஒருவருக்குக் குலுக்கலில் தெருக்குத்து மனை விழுந்தது, மாற்றிக் கேட்கிறார். வேறு சிலருக்கோ, தொகுப்பில் சேர மறுத்தவருடைய வயலிலேயே மனை ஒதுக்கப்பட்டது. உண்டவல்லி, பெனுமாக்க போன்ற ஊர்களில் காய்கறியும் பூவும் விளைவிப்போர் தங்கள் நிலத்தைக் கொடுக்கவே இல்லை. கொடுக்காதவர் நிலத்தை எப்படிப் பங்கிட்டார்கள் என்று கேட்பது குற்றமா?

இன்னும் கீழே இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கார் முன்னர் ஏழைகளுக்கு ஒப்படை செய்த நிலங்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் கையில் இருந்தன. அவர்களுக்குப் பட்டா நிலத்தாருக்குச் சமமான மனை முதலில் வாக்களிக்கப்படவில்லை. ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்சிச் சிலர் அற்ப விலைக்கு விற்றுவிட்டார்கள் என்ற புகாரும் எழுந்தது. நிலமே இல்லாத கூலியாளுக்குக் குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபாய் உதவித் தொகை என்றார்கள். மூன்று போகம் விளைந்த மண்ணில் நாற்று நட்டும் களை பறித்தும் பூக்கொய்தும் ஜீவனம் செய்தவளுக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

இந்நிலையில் 2025-லேயே இரண்டாவது தொகுப்புக்காக மேலும் பல ஆயிரம் ஏக்கர் கேட்பதென்று ஆந்திர சர்க்கார் தீர்மானித்தது நமக்கு வியப்பளிக்கிறது. முதல் கடனை அடைக்காதவர் இரண்டாம் கடனுக்கு வரும்பொழுது, கொடுப்பவர் பழைய கணக்கைக் கேட்பது நியாயமே. முதலில் நிலம் கொடுத்தவர் ஒவ்வொருவரும் தம் மனையில் நின்று வீடு கட்டத் தக்க நிலை ஏற்படும் வரையில் புதிய நிலத்தைத் தொடக் கூடாது என்பது நம் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். நமது 1971-ம் வருஷத்து நகரமைப்புச் சட்டத்தில் ஒரு நல்ல ஷரத்து உண்டு. ஒரு திட்டத்துக்கென்று குறித்து வைத்த நிலத்தை மூன்று வருஷங்களுக்குள் எடுக்க நடவடிக்கை தொடங்காவிட்டால், அது தானாகவே விடுதலையாகிவிடும். அதாவது, சர்க்காரைக் காலத்தால் கட்டுவது எப்படி என்பது நம் சட்டத்துக்குத் தெரியாததல்ல. வெறுமே குறித்து வைத்த நிலத்துக்கே இந்தப் பாதுகாப்பு இருக்குமானால், கையெழுத்திட்டு ஒப்படைத்த நிலத்துக்கு அதைவிட அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆகையால் இங்கே எந்த ஊரில் நிலத் தொகுப்பு நடந்தாலும், மனையை ஒப்படைக்கும் தேதி பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். அந்தத் தேதி தவறினால் 2013-ம் வருஷத்துச் சட்டப்படியான முழு விலையையும் வட்டியுடன் ரொக்கமாகக் கேட்கவோ, நிலத்தையே திரும்பப் பெறவோ சொந்தக்காரருக்கு உரிமை வேண்டும். இரண்டில் எது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். மனைகளைக் கூடிய வரையில் பழைய நிலத்தின் அருகிலேயே ஒதுக்க வேண்டும். குத்தகைதாரரும் கூலியாளும் முதல் ஜாபிதாவிலேயே பெயர் எழுதப்பட வேண்டும். இவற்றை விதிகளில் சேர்க்கும் வரையில் எந்தக் குடியானவரும் கையெழுத்திட வேண்டியதில்லை.